வெளியிலிருந்து கவிழ்க்கும்போது உள்ளே நசுங்குகிறவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வல்லரசுகள் பிற நாடுகளில் தலையிட்டு ஆட்சியைக் கவிழ்க்கலாமா என்று உங்கள் இதழில் நடந்துவரும் விவாதத்தை விடாமல் படித்து வருகிறேன். கொடுங்கோலன் ஒழிந்தால் சரி, யார் ஒழித்தால் என்ன என்று ஒரு தரப்பு கேட்கிறது. இறையாண்மையில் கைவைக்க எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை என்று மறுதரப்பு சொல்கிறது. இரு தரப்பும் ஆட்சியில் இருப்பவரைப் பற்றியும் படையெடுத்து வருபவரைப் பற்றியும்தான் பேசுகின்றன. அந்த நாட்டுக்குள்ளேயே இருந்து, அடி வாங்கி, சிறைக்குப் போய், ஆட்சியை மாற்றப் போராடுகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. வெளியிலிருந்து வரும் தலையீட்டில் முதலில் நசுங்குவது அவர்கள்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஈரானை எடுத்துக்கொள்வோம். 1951-இல் பிரதமரான மொசாதெக் மதவாதி அல்ல, கம்யூனிஸ்ட்டும் அல்ல. நாடாளுமன்ற ஆட்சியை நம்பியவர். பிரிட்டனின் கையில் இருந்த ஆங்கிலோ-ஈரானிய எண்ணெய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கியதுதான் அவர்மீது வந்த கோபத்துக்குக் காரணம். 1953 ஆகஸ்டு 15 இரவு, மன்னர் ஷா கையெழுத்திட்ட பதவி நீக்க உத்தரவை எடுத்துக்கொண்டு ஒரு கர்னல் மொசாதெக் வீட்டுக்குப் போனார். விஷயம் முன்பே கசிந்திருந்ததால் கைதானது அந்தக் கர்னல்தான். ஷா பாக்தாத் வழியாக ரோமுக்குத் தப்பினார். சதி தோற்றுப்போனது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் அதிகாரி கெர்மிட் ரூஸ்வெல்ட் டெஹ்ரானைவிட்டு நகரவில்லை. ஆகஸ்டு 19 அன்று பணம் கொடுத்துத் திரட்டிய கூட்டமும், ஷாவின் ஆதரவாளர்களும், ராணுவத்தின் ஒரு பகுதியும் தெருவில் இறங்க, மொசாதெக்கின் வீடு டாங்குகளால் தாக்கப்பட்டது. உள்ளூரிலும் அவருக்கு எதிரிகள் இருந்தார்கள், பழைய கூட்டாளிகள் சிலர் பிரிந்து போயிருந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் லண்டனும் வாஷிங்டனும் போட்ட திட்டம் இல்லாமல் அன்றைய நாள் அப்படி முடிந்திருக்காது. அதில் தன் பங்கை சி.ஐ.ஏ.வின் ஆவணங்களே ஒப்புக்கொள்கின்றன.

மொசாதெக்குக்கு மூன்றாண்டுச் சிறை. அப்புறம் அகமதாபாத் கிராமத்தில் வீட்டுக்காவல், 1967-இல் சாகும்வரை. 1952-இல் தனக்காகப் போராடித் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் பக்கத்தில் புதைக்கப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்கும் அனுமதியில்லை. வீட்டுக்குள்ளேயே புதைத்தார்கள். அவருடைய வெளியுறவு அமைச்சர் ஃபாத்தெமி 1954-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் ஈரான் எண்ணெய்க்காக அமைந்த புதிய கூட்டமைப்பில் அமெரிக்க நிறுவனங்களுக்கு 40 சதவீதம் கிடைத்தது. நாட்டுடைமைக்கு முன் அவற்றுக்கு அங்கே எதுவும் இல்லை.

இதுவரை பலரும் அறிந்ததுதான். அடுத்து நடந்ததைத்தான் நாம் போதுமான அளவு பேசுவதில்லை. 1957-இல் உருவான, சவாக் என்ற ஷாவின் ரகசியப் போலீஸ் கட்சிகளையும் தொழிற்சங்கங்களையும் பத்திரிகைகளையும் ஒடுக்கியது. 1953-க்குக் கால் நூற்றாண்டு கழித்து ஷாவுக்கு எதிராக மக்கள் எழுந்தபோது, நாடு முழுக்கக் கட்டுக்குலையாமல் எஞ்சியிருந்த வலைப்பின்னல் மசூதிகளுடையது மட்டுமே. அப்போதும் மொசாதெக்கின் பாதையில் வந்த ஒருவர் மிச்சம் இருந்தார்: மெஹ்தி பஸர்கான். 1951-இல் எண்ணெய் நிறுவனத்தை அரசின் சார்பில் ஏற்கச் சென்றவர்களில் ஒருவர். 1979 புரட்சிக்குப்பின் முதல் பிரதமர். அந்த அக்டோபரில் புரட்சியில் ஆட்சியை இழந்த ஷாவை, சிகிச்சை என்று சொல்லி அமெரிக்கா உள்ளே விட்டது. 1953 திரும்பவும் நடக்கப்போகிறது என்ற பயம் டெஹ்ரானில் பற்றிக்கொண்டது. நவம்பர் 4 அன்று மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றினார்கள். சில நாள் முன்பு அல்ஜியர்ஸில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கியைச் சந்தித்திருந்தார் என்பதே பஸர்கானுக்கு எதிரான குற்றச்சாட்டாகிவிட்டது. இரண்டே நாளில் அவர் ராஜினாமா செய்தார். அமெரிக்கச் சதியால் வீழ்ந்தவரின் அரசியல் வாரிசு, அமெரிக்காவோடு கைகுலுக்கினார் என்ற பழியால் வீழ்ந்தார். இதைவிடக் கொடுமையான விளைவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஈரானில் இன்றும் உரிமை கேட்டு யார் குரல் கொடுத்தாலும் அந்நியக் கைக்கூலி என்று முத்திரை குத்துவது ஆட்சியாளர்களுக்கு எளிதாக இருக்கிறது. அந்த முத்திரைக்கு மை ஊற்றிக் கொடுத்தது 1953.

அமெரிக்காவை மட்டும் குறிவைத்து இதை எழுதவில்லை. விவாதத்தில் கலந்துகொண்ட சிலர் வாஷிங்டனை வரிக்கு வரி கண்டித்துவிட்டு மாஸ்கோ பக்கம் வரும்போது மௌனமாகிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1956-இல் ஹங்கேரியில் சோவியத் டாங்குகள் நசுக்கியது யாரை? கம்யூனிஸ்ட் கட்சிக்குள் இருந்தே சீர்திருத்தம் கொண்டுவரப் பார்த்த இம்ரே நாகியைத்தான். 1958-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். பெயர் எழுதாத குழியில் கிடந்த உடலை 1989-இல்தான் மரியாதையோடு அடக்கம் செய்ய முடிந்தது. 1968-இல் செக்கோஸ்லோவாகியாவில் சீர்திருத்தம் கொண்டுவந்த கட்சித் தலைவர் துப்செக்குக்கும் அதுபோன்ற நிலைதான், உயிர் மட்டும் தப்பியது. 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானில், தங்களை உதவிக்கு அழைத்த ஆட்சித் தலைவர் அமீனையே சோவியத் படை அவருடைய மாளிகைக்குள் புகுந்து கொன்றது. 2022-இல் உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்ததும் இதே வரிசையில்தான் சேரும்.

சரி, அப்படியானால் மக்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்படும்போது கைகட்டி நிற்க வேண்டுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நேர்மையான கேள்வி. கம்போடியாவில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சாகடித்த போல் பாட் ஆட்சியை 1979 ஜனவரியில் முடித்துவைத்தது வியட்நாமின் படை. அது நுழைந்திருக்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. 1994-இல் ருவாண்டாவின் இனப்படுகொலையில் யாரும் உருப்படியாகத் தலையிடாமல் போனதை நியாயப்படுத்தவும் முடியாது. ஆனால் கம்போடியாவில் கொலை நின்ற பிறகும், ஐ.நா.வில் அந்த நாட்டின் நாற்காலி போல் பாட் தரப்பிடமே இருக்கட்டும் என்று ஓட்டுப் போட்ட நாடுகளில் அமெரிக்காவும் உண்டு, சீனாவும் உண்டு. வல்லரசுகளின் மனிதநேயத்தை அவற்றின் அறிக்கைகளை வைத்து எடைபோடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கொலையைத் தடுப்பது வேறு, ஆளப்போவது யார் என்று தீர்மானிப்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பியதன் விலையை லிபியாவில் பார்த்தோம். 2011 மார்ச்சில் ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1973-ஆம் எண் தீர்மானம் பொதுமக்களைக் காப்பதற்கானது. இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில், ஜெர்மனி ஆகிய ஐந்தும் எதிர்த்து ஓட்டுப் போடாமல் ஒதுங்கி நின்றன. ஒரே மாதத்தில் அமெரிக்காவின் ஒபாமா, பிரிட்டனின் கேமரன், பிரான்ஸின் சர்கோசி மூவரும், லிபியாவை ஆண்ட கடாஃபி பதவியில் இருக்கும்வரை லிபியாவுக்கு எதிர்காலம் இல்லை என்று கூட்டாக எழுதினார்கள். அக்டோபரில் கடாஃபி கொல்லப்பட்டார். நாடு ஆயுதக் குழுக்களின் கைக்குப் போனது. அதோடு முடியவில்லை. ஒருமுறை ஏமாந்தோம் என்ற காரணத்தைக் காட்டி, சிரியா பற்றிய தீர்மானங்களை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டுத் தடுத்தன. அந்தக் காரணம் முழு உண்மையா என்பது வேறு விஷயம், ஆனால் அதைச் சொல்லும் வாய்ப்பு லிபியாவால்தான் கிடைத்தது. அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டதால்தான் கடாஃபிக்கு இந்த நிலை என்று வடகொரியா வெளிப்படையாகவே சொன்னது.

ஈராக்கைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது, ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2003 மே மாதம், ஈராக்கைப் பிடித்த அமெரிக்கா நியமித்த நிர்வாகி பால் பிரெமர் ஓர் உத்தரவில் ஈராக் ராணுவத்தையே கலைத்தார். லட்சக்கணக்கானோர் ஒரே நாளில் சம்பளம் இழந்தார்கள், கையில் பயிற்சியும் மனதில் அவமானமும் இருந்தன. அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடங்களில் ஐ.எஸ். அமைப்பும் ஒன்று. ஓர் ஈராக்கியக் குடும்பஸ்தரிடம் கேட்டிருந்தால்கூட அந்த உத்தரவு வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

கொடுங்கோலனுக்கு எதிராக வெளியிலிருந்து செய்யக்கூடியது எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1998-இல் லண்டனுக்கு வந்த சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே, ஸ்பெயின் நீதிபதி ஒருவரின் வாரண்டால் கைதானார். ஆப்பிரிக்க நாடான சாட்டின் முன்னாள் அதிபர் ஹிஸ்ஸேன் ஹப்ரேவுக்கு 2016-இல் செனகல் தலைநகர் டக்காரில் நடந்த சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அந்த வழக்கைப் பல ஆண்டுகள் இழுத்துக் கரை சேர்த்தவர்கள் அவருடைய சிறைகளில் வதைபட்டு உயிர்பிழைத்தவர்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. பினோசேயும் ஹப்ரேயும் ஆட்சிக்கு வந்த காலத்தில் அவர்களுக்கு அமெரிக்க ஆதரவு இருந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கொடுங்கோலனுக்கு ஆயுதம் விற்காமல் இருப்பது, அவன் சுருட்டிய பணத்துக்கு வங்கியில் இடம் கொடுக்காமல் இருப்பது, தப்பி வருகிறவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது, இதையெல்லாம் செய்யாத நாடு விடுதலை கொடுக்க வருகிறேன் என்று போர் விமானம் அனுப்பும்போது நான் நம்பத் தயாராக இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விவாதம் அடுத்த இதழ்களிலும் தொடருமானால், ஈரான், ஈராக், லிபியா, சிலி போன்ற நாடுகளில் சர்வாதிகாரத்தையும் எதிர்த்து அந்நியத் தலையீட்டையும் எதிர்த்தவர்களின் கட்டுரைகளையும் நேர்காணல்களையும் தமிழில் வெளியிடுங்கள். அவர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு இருக்கும், சிலர் தலையீட்டை வரவேற்கவும் செய்திருப்பார்கள். அதையும் அப்படியே போடுங்கள். பக்கம் போதாது என்றால் எங்களைப் போன்றவர்களின் கடிதங்களைக் குறைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஒரு நெடுநாள் வாசகர்