மிஸ்ஸிங் (இன்ஜின் விட்டுவிட்டுத் திக்குவது) வண்டிகளைப் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

லாரி உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

நம் பட்டறையைப் பற்றி ஒரு குரல் பதிவு நாமக்கல் முழுக்கச் சுற்றுவது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள். "மிஸ்ஸிங் என்று விட்டால் நாள் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள், ஃபில்டரை மாற்றிக் காசு வாங்குகிறார்கள், தொப்பூர் மேடு ஏறினால் மறுபடியும் அதேதான்" என்கிறார் அதில் ஒருவர். யார் வண்டி என்று தெரியும், பேர் சொல்ல மாட்டேன். காசு விஷயத்தைக்கூட விட்டுவிடலாம். "கண்டுபிடிக்கத் தெரியவில்லை" என்றாரே, அதற்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

அவர் வண்டி டாடா 697 இன்ஜின், இன்லைன் பம்ப் (நாசில்களுக்கு டீசலைத் தள்ளும் பழைய வகை பம்ப்) போட்ட பழைய வண்டி. 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டி என்றால் ஸ்கேனரை மாட்டியதும் ஏதாவது ஒரு கோளாறுக் குறியீட்டைக் காட்டும். இதில் காதும் கையும்தான். லோடோடு மேடு ஏறும்போது பிக்கப் விழுகிறது, இன்ஜின் திக்குகிறது. ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. இப்படி வந்து வந்து போகிற கோளாறு பெரும்பாலும் நாசிலில், அதாவது சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனையில், இருக்காது. நாசில் போனால் ஐட்லிங்கிலேயே தெரிந்துவிடும். இன்ஜின் ஓடும்போது நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால், எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான்.

வந்து வந்து போகிற கோளாறோ டீசல் வரும் வழியில் இருக்கிற சிக்கல். டேங்கில் கிடக்கும் கந்தலோ பிளாஸ்டிக் தாளோ உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்ஜினை நிறுத்தியதும் இழுவை போய் விழுந்துவிடும். பட்டறைக்கு வரும்போது வண்டி குதிரை மாதிரி நிற்கும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் இப்படித்தான். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும். காப்பர் வாஷரைப் பழையதையே திருப்பிப் போட்டாலோ, ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தாலோ, அது ஃபீட் பம்ப் டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற பக்கம் என்பதால் டீசல் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டு இல்லை, லீக்கே இல்லை என்று ஓட்டுநர் சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை.

உறிஞ்சு லைனில் உள்ளே தெரிகிற ஹோஸை மாட்டிக் குமிழி வருகிறதா என்று பார்ப்போம். அப்புறம் டேங்க் லைனைக் கழற்றி, தனிக் கேனில் டீசல் வைத்து ஓட்டுவோம். கேனில் ஒழுங்காக ஓடினால் கோளாறு டேங்க் பக்கம். ஓடாவிட்டால் ஃபீட் பம்ப், ஓவர்ஃப்ளோ வால்வு, டர்போ ஹோஸ் என்று தேடிக்கொண்டே போக வேண்டும். காலி வண்டியில் இதெல்லாம் தெரியாது. அந்த வண்டியோ லோடு இறக்கிவிட்டுக் காலியாக வந்தது. கொண்டுவந்தவர் வேறு ஓட்டுநர். சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார் முதலாளி. மாற்றிய ஃபில்டர் மாற்ற வேண்டிய ஃபில்டர்தான். டேங்கை இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தோம். பில்லை யார் படிக்கிறார்கள்?

பதிவைக் கேட்ட பிறகும் வண்டியை இங்கேயே விட்டவர்களுக்கும், டீக்கடையில் எங்களுக்காகப் பேசியவர்களுக்கும், என் அப்பா காலத்திலிருந்து வருகிற குடும்பங்களுக்கும் மனமார்ந்த நன்றி. உங்களை நம்பித்தான் ஷட்டரைத் தூக்குகிறோம்.

பம்ப் வேலை பார்த்த நம் பெரியவர் மகனோடு கோவை போய்விட்டதால் காலிபரேஷனை (பம்ப் தள்ளும் டீசல் அளவைச் சரிசெய்வதை) இப்போதைக்கு வெளியில் கொடுத்து வாங்குகிறோம், இரண்டு மூன்று நாள் கூடுதலாகும். அடுத்த மாதம் முதல் மிஸ்ஸிங் சோதனைக்கு 1,500 ரூபாய், கோளாறு அகப்படாவிட்டாலும்.

மற்றபடி, வண்டியை முடிந்தவரை லோடோடு கொண்டுவாருங்கள். மேட்டில் திக்கியதைக் கேட்ட ஓட்டுநரே வரட்டும். டேங்க் நிரம்பியிருக்க வேண்டாம்; டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயில் விரிசல் இருந்தால் டீசல் இறங்கிய பிறகுதான் அது காற்றை இழுக்கும். வருகிற வழியில் ஃபில்டரை மாற்றிவிடாதீர்கள், பழையதை நாங்கள் அறுத்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர், நாமக்கல்