அமெரிக்காவில் முதல் வங்கிக் கணக்குத் திறக்கப்போகும் தமிழ் மாணவர்களுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே,

ஆகஸ்டில் நீங்கள் வந்து இறங்கியதும் சீனியர்கள் சிம் கார்டு, வீடு, இந்தியக் கடை என்று எல்லாவற்றுக்கும் வழி காட்டுவார்கள். வங்கிக்கும் கூட்டிப் போவார்கள். அங்கே கணக்குத் திறக்கும்போது வரும் ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

“டெபிட் கார்டுக்கு ஓவர்டிராஃப்ட் கவரேஜ் வேண்டுமா?” என்று கேட்பார்கள், அல்லது விண்ணப்பத்தில் ஒரு கட்டமாக இருக்கும். கேட்டால் ஏதோ காப்பீடு மாதிரித் தோன்றும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஊரில் சேமிப்புக் கணக்கில் பணம் இல்லையென்றால் கார்டு எடுக்காது, அதோடு முடிந்தது. இங்கே செக்கிங் கணக்கில் (அன்றாடச் செலவுக்கான கணக்கு) அந்தக் கவரேஜுக்குச் சம்மதித்துவிட்டால், பணம் இல்லாவிட்டாலும் வங்கி கார்டை அனுமதித்துவிட்டு அதற்கு ஒரு கட்டணம் போடலாம். சில பெரிய வங்கிகளில் இது இன்னமும் 35 டாலர் அளவில் இருக்கிறது. வங்கியைப் பொறுத்து, 5 டாலர் காபிக்கு 40 டாலர்கூடப் போய்விடலாம். கவுண்டரில் கார்டு மறுக்கப்பட்டால் ஒரு நிமிடம் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான். கேம்பஸ் வேலையில் இரண்டு மூன்று மணி நேரம் நின்று சம்பாதித்ததை அந்த ஒரு நிமிடத்துக்காகக் கொடுக்காதீர்கள்.

உங்கள் சம்மதம் இல்லாமல் ஏடிஎம்முக்கோ, கடையில் தேய்க்கும் டெபிட் கார்டுக்கோ இந்தக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது 2010 முதல் இங்கே விதி. ஏற்கெனவே சரி என்று சொல்லியிருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். வங்கியின் ஆப்பில் பாருங்கள், இல்லையென்றால் ஒரு போன் செய்தால் போதும்.

ஆனால் இந்த விதி செக்குக்கும், பில் தொகை தானாகக் கழியும் ஆட்டோபேக்கும் பொருந்தாது. அவற்றுக்கு உங்களைக் கேட்காமலே கட்டணம் போடலாம். நம் பிள்ளைகள் அதிகம் மாட்டுவது இங்கேதான்.

எங்கள் குடியிருப்பில் இருந்த ஒரு பையன் நான்கு பேருக்கும் சேர்த்து வாடகைக்கு 1,800 டாலர் செக் எழுதிக் கொடுத்தான். மற்ற மூவரும் ஸெல்லில் (போனிலேயே பணம் அனுப்பும் வசதி) தங்கள் பங்கை அனுப்பிவிட்டார்கள். அப்பாவும் ஊரிலிருந்து பணம் போட்டிருந்தார். அதில் நடுவில் இருந்த வங்கியும் இங்கே வாங்கிய வங்கியும் ஆளுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொண்டதால் அவன் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் வந்தது. வீட்டுக்காரர் செக்கை உடனே போடவில்லை. நாம் எழுதிக் கொடுத்த செக் வங்கிக்குப் போகும்வரை ஆப்பில் தெரியாது, இருப்பு முழுசாக அப்படியே நிற்கும். அதற்குள் போன் பில் ஆட்டோபேயில் போனது. செக் வந்து சேர்ந்த அன்று பத்து டாலர் குறைந்தது. கட்டணம் 35 டாலர்.

அவன் ஊதாரி இல்லை. பேருந்துக்குப் பதில் நடந்து போய் மிச்சம் பிடிக்கிற பையன். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

செக் எழுதினால் அந்தத் தொகை போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை அன்றே ஒரு நோட்டில் குறித்து இருப்பிலிருந்து கழித்துவிடுங்கள். உங்களுக்கு வந்த செக்கைப் போட்டாலும் முழுத்தொகை கைக்கு வரச் சில நாள் ஆகலாம். பெட்ரோல் பங்கில் டெபிட் கார்டு போட்டால், அடித்தது 20 டாலர்தான் என்றாலும் 100 டாலருக்கு மேல்கூடத் தற்காலிகமாகப் பிடித்து வைப்பார்கள். இருப்பு கொஞ்சமாக இருக்கும் நாளில் உள்ளே போய்க் காசாகக் கொடுத்துவிடுங்கள். இருப்பு 100 டாலருக்குக் கீழே இறங்கினால் குறுஞ்செய்தி வரும்படி ஆப்பில் வைத்துக்கொள்ளலாம்.

எந்த வங்கி என்பதும் முக்கியம். கேபிடல் ஒன், சிட்டி இரண்டும் 2022-இல் இந்தக் கட்டணத்தை எடுத்தே விட்டன. பேங்க் ஆஃப் அமெரிக்கா அதே ஆண்டு 35 டாலரை 10 ஆகக் குறைத்தது. மற்ற பெரிய வங்கிகளிலும் ஓவர்டிராஃப்ட் கட்டணமே இல்லாத கணக்கு வகை ஒன்று இருக்கும். பல இடங்களில் அதற்கு மாதம் 5 டாலர் வாங்குவார்கள், 25 வயதுக்குக் கீழே என்றால் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். பெரிய வங்கிகளின் ஓவர்டிராஃப்ட் கட்டணத்துக்கு 5 டாலர் உச்சவரம்பு வைக்கும் விதி ஒன்று 2024 டிசம்பரில் வந்தது. நடைமுறைக்கு வருமுன்பே 2025 மே மாதம் அதை ரத்து செய்துவிட்டார்கள். எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு. இப்போதைக்குச் சட்டத்தை நம்பி இருக்க முடியாது.

அப்புறம், கட்டணம் விழுந்துவிட்டால் அன்றே வங்கியைக் கூப்பிட்டு, “முதல் தடவை, தயவுசெய்து எடுத்துவிடுங்கள்” என்று கேளுங்கள். பல நேரம் எடுத்துவிடுவார்கள். விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து பலர் வாயே திறப்பதில்லை. கட்டணத்தைத் திருப்பிக் கேட்பதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. கணக்கை மைனஸிலேயே விட்டுவிட்டு இன்னொரு வங்கிக்குப் போவதுதான் ஆபத்து. பழைய வங்கி அந்தக் கணக்கை மூடி, புதுக் கணக்குக் கொடுக்குமுன் வங்கிகள் பார்க்கும் செக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற பதிவில் ஏற்றிவிடலாம். அது ஐந்து ஆண்டுவரை நிற்கும். அதற்குள் புதுக் கணக்குத் திறப்பது பெரும்பாடு.

சீனியர்களே, அடுத்த முறை புதியவர்களை வங்கிக்குக் கூட்டிப் போகும்போது வாசலில் நின்றுவிடாமல் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அந்தக் கட்டம் வரும்போது “வேண்டாம்னு போடு” என்று சொல்லிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் வந்த ஓர் அக்கா