ஆபீஸை மாற்றும் முன் 32-ஆ, 64-ஆ என்று பாருங்கள்: கணினிப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

சிறிய, நடுத்தர அலுவலகங்களில் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் நண்பர்களுக்கு,

வணக்கம். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2010-க்கான ஆதரவு 2020 அக்டோபரில் முடிந்தது. 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதனால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும் வேலை பல இடங்களில் நடக்கிறது. நடக்கத்தான் வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் வராத மென்பொருளை நம்பிச் சம்பளப் பட்டியலை வைத்திருக்க முடியாது. என் கவலையெல்லாம் அதற்கு மறுநாள் காலையைப் பற்றித்தான்.

பில் போடுபவர் வந்து உட்காருகிறார். பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த புரோகிராம், 'மைக்ரோசாஃப்ட்.ஏஸ்.ஓஎல்இடிபி.12.0 ப்ரொவைடர் இந்தக் கணினியில் பதிவாகவில்லை' என்று சொல்லி நின்றுவிடுகிறது. கோப்பு கெட்டுப்போச்சு என்று யாரோ முடிவு கட்டுகிறார். பழைய பேக்கப்பை எடுத்து அதன் மேலேயே போடுகிறார்கள். அதற்குப் பிறகு ஏற்றிய பதிவுகள் எல்லாம் அப்போதுதான் உண்மையிலேயே போகின்றன. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். இந்தச் செய்தி வருகிறது என்றால் புரோகிராம் உங்கள் தரவுத்தளத்தைத் தொடவே இல்லை என்று பொருள். தொடுவதற்கு வேண்டிய டிரைவர், அதாவது புரோகிராமையும் தரவுத்தளத்தையும் இணைக்கும் சிறு மென்பொருள், அதற்குக் கிடைக்கவில்லை. செய்தியில் வரும் ஏஸ் ப்ரொவைடர்தான் அது.

ஏன் கிடைக்கவில்லை? மென்பொருள்கள் 32-பிட், 64-பிட் என்று இரண்டு வகையில் வருகின்றன. ஒரு வகைப் புரோகிராமுக்குள் மற்ற வகை டிரைவர் ஓடாது. ஆபீஸில் 64-பிட் பதிப்பு முதலில் வந்தது 2010-இல். ஆனாலும் அப்போது நாம் எதையும் மாற்றாமல் நிறுவினால் 32-பிட்தான் இறங்கும். 2019 பதிப்பு முதல் அது 64 ஆகிவிட்டது. உங்கள் பில் புரோகிராம் 32-பிட்டாக இருந்தால் 32-பிட் டிரைவரை மட்டுமே அது ஏற்கும். பழைய ஆபீஸோடு சேர்ந்து வந்த அந்த டிரைவர், ஆபீஸை நீக்கியபோது கூடவே போய்விட்டது. அதைத் தனியாக நிறுவலாம் என்று போனால், 64-பிட் ஆபீஸ் இருப்பதாகச் சொல்லி நிறுவி மறுத்துவிடும். கட்டாயப்படுத்தி உள்ளே தள்ளும் வழி ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் அதை ஆதரிப்பதில்லை, நானும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த மேசைக்கு மட்டும் 32-பிட் ஆபீஸைப் போடுங்கள். அந்தப் பதிப்பு இன்றும் கிடைக்கிறது.

எக்செல் மேக்ரோவில் வரும் சிக்கல் வேறு. அங்கே இணைப்பு வரியில், அதாவது எந்த டிரைவர் வழியாக எந்தக் கோப்பைத் திறப்பது என்று சொல்லும் வரியில், 'ஜெட்.ஓஎல்இடிபி.4.0' என்று இருக்கும். ஏஸுக்கு முந்தைய இந்த ஜெட் டிரைவருக்கு 64-பிட் வடிவமே கிடையாது. அந்த இடத்தில் ஏஸ் 12.0 என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விண்டோஸின் டிஎல்எல்களை (புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் கோப்புகளை) அழைக்கும் டிக்ளேர் வரிகள் மேக்ரோவில் இருந்தால் அவற்றில் பிடிஆர்சேஃப் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். ஆபீஸின் தரவுத்தள மென்பொருளான அக்சஸில், நிரலைத் திருத்த முடியாதபடி தொகுத்துத் தரும் எம்டிஇ, ஏசிசிடிஇ கோப்புகளில் இதற்கு வழியில்லை. 32-பிட்டில் தொகுத்தவை 64-பிட் அக்சஸில் திறக்காது, மூலக்கோப்பு இருந்தால்தான் மறுபடி தொகுக்கலாம். எழுதிக் கொடுத்தவர் எங்கே என்றே தெரியாத அலுவலகங்களுக்கு இது பெரிய இடி. அக்சஸ் 97 காலத்துக் கோப்புகளை 2013 முதல் வந்த பதிப்புகள் திறப்பதே இல்லை. ஆகவே 2010 இருக்கும் கணினியை அழிக்கும் முன்பே அவற்றை அதில் திறந்து புதிய வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஓடிபிசி (தரவுத்தளங்களோடு இணைப்பதற்கான பொது வழி) வைத்திருப்பவர்களைக் குழப்பவென்றே ஒரு பெயர் இருக்கிறது. 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32 அடைவில் இருக்கும் ஓடிபிசி கருவிதான் 64-பிட். சிஸ்வாவ்64 அடைவில் இருப்பது 32-பிட். இரண்டின் சிஸ்டம் டிஎஸ்என் (பெயரிட்டுச் சேமித்த இணைப்பு விவரம்) பட்டியலும் வேறு வேறு. 'ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்' என்று வந்தால் நீங்கள் டிஎஸ்என் உருவாக்கியது தவறான கருவியில் என்று அர்த்தம்.

மைக்ரோசாஃப்டின் தரவுத்தள சர்வரான எஸ்கியூஎல் சர்வரோடு இணைப்பவர்களுக்கும் ஒன்று. ஓடிபிசி டிரைவர் 18, நாம் எதுவும் சொல்லாவிட்டாலும் இணைப்பை மறையாக்கம் செய்கிறது. சர்வரில் இருப்பது தானே கையொப்பமிட்ட சான்றிதழ் என்றால், நம்பத்தகாத சான்றிதழ் என்று சொல்லி இணைப்பு அறுந்துவிடும். 'டிரஸ்ட் சர்வர் சர்ட்டிஃபிகேட்' என்பதை 'யெஸ்' ஆக்கினால் அப்போதைக்கு வேலை நடக்கும். அப்படியே விட்டுவிடாமல் சர்வருக்கு முறையான சான்றிதழ் ஒன்றைப் போடுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. மாற்றும் நாளைக் குறிப்பதற்கு முன் ஒவ்வொரு மேசைக்கும் போய், காலையில் முதலில் எதைத் திறக்கிறீர்கள், மாதக் கடைசியில் மட்டும் எதைத் திறக்கிறீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள், அதில்தான் மறந்துபோன கோப்புகள் வெளியே வரும். அவற்றின் இணைப்பு வரிகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரே ஒரு கணினியில் புதியதைப் போட்டு, மாதக் கணக்கு முடிக்கும்வரை அதில் ஓட்டிப் பாருங்கள். பில் போடுபவரே அதில் உட்கார்ந்து பார்க்கட்டும். அதுவரை மற்றக் கணினிகளில் இருக்கும் பழைய ஆபீஸை நீக்க வேண்டாம்.

அன்புடன்,
பழைய அக்சஸ் கோப்புகளைப் பராமரிக்கும் ஒருவன்