தறிக் கணக்கில் அம்மாவின் கூலி

மான்செஸ்டர்,
நவம்பர் மாதக் கடைசி.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, தம்பி, அப்பத்தா எல்லோரும் நலம்தானே? இங்கே குளிர் பிடித்துவிட்டது. நாலு மணி தாண்டினால் இருட்டு. சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். ரஷ்ஹோம் கடைவீதியில் கறிவேப்பிலை, துவரம்பருப்பு எல்லாம் கிடைக்கிறது. வகுப்பு நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது விசா விதி. கடை வேலையை அதற்குள்தான் வைத்துக்கொள்கிறேன், படிப்பு கெடவில்லை.

"இத்தனை செலவு பண்ணிப் போயிருக்கிறாயே, அந்த எகனாமிக்ஸில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்?" என்று போனில் கேட்டீர்கள். பின்னால் தறி ஓடிய சத்தத்தில் நான் சொன்னது பாதிகூட உங்கள் காதில் விழுந்திருக்காது. அதுதான் எழுதுகிறேன்.

பெரிய அரங்கில் ஒருவர் பாடம் நடத்துவார். அப்புறம் சின்னக் குழுக்களாகப் பிரித்து அதே பாடத்தில் கணக்குக் கொடுப்பார்கள், கேள்வி கேட்பார்கள். உண்மையான படிப்பு அங்கேதான் நடக்கிறது. கணிதமும் புள்ளியியலும் நிறைய உண்டு. போன தேர்வில் 68 வாங்கியதைக் கேட்டு அம்மா வருத்தப்பட்டாராம். இங்கே 70 எடுத்தாலே முதல் வகுப்பு, 40 எடுத்தால் தேர்ச்சி. அதனால் 68 நல்ல மதிப்பெண்தான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

முதல் வருடமே நடத்திய ஒரு பாடம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. ஒரு தொழிலில் கைக்காசு போவது மட்டும் செலவு இல்லை. சொந்த இடம், சொந்தப் பணம், சொந்த உழைப்பு ஆகியவற்றை வேறு இடத்தில் போட்டிருந்தால் என்ன வந்திருக்குமோ, அதையும் செலவில் சேர்க்க வேண்டும். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பொருளாதார லாபம். நோட்டில் லாபம் தெரிந்தும் உண்மையில் நட்டத்தில் ஓடுகிற தொழில்கள் எத்தனையோ இருக்கின்றன.

கூலி உயர்வு கேட்டு விசைத்தறிச் சங்கத்துக்குக் கொடுப்பதற்காக நீங்கள் எழுதிய செலவுக் கணக்கு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்தான் அதைச் சுத்தப் பிரதி எடுத்தேன். மின்கட்டணம், ஓட்டுகிற ஆள் கூலி, உதிரி பாகம், பாவு (நீளவாட்டு நூல்) பிணைக்கக் கொடுத்தது எல்லாம் அதில் இருந்தன. ஆனால் தறிக்கு வேண்டிய ஊடை நூலை அம்மா தாராகச் சுற்றித் தருகிற உழைப்பு அதில் இல்லை. காலையில் அடுப்பு வேலை முடிந்ததும் தார் மெஷின் முன்னால் உட்கார்கிறவர், நூல் அறுந்தால் முடிந்து, தார் தீரத் தீரத் தறிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, சாயங்காலம்வரை அங்கேயே இருப்பார். அதே வேலையைப் பக்கத்துத் தறிக் குடோனில் செய்தால் சனிக்கிழமை கூலி கைக்கு வந்திருக்கும். நீங்கள் இரவில் ஒரு ஷிப்ட் ஓட்டுவதும் அந்தக் கணக்கில் இல்லை. குடோன் நமக்குச் சொந்தம் என்பதால் வாடகையும் எழுதவில்லை. உங்களை மட்டும் சொல்லவில்லை அப்பா, கூலிக்கு நெசவு செய்கிற எல்லோருமே அப்படித்தான் எழுதுகிறார்கள். அந்தக் குறைந்த கணக்கை வைத்துத்தான் பேச்சுவார்த்தை நடக்கிறது. அப்புறம் பிக் (குறுக்கு இழை) ஒன்றுக்கு என்ன பேசி முடித்தாலும் அம்மாவின் உழைப்பு, பாவு கொடுத்து நெய்து வாங்குகிற ஜவுளி உற்பத்தியாளருக்கு இனாமாகப் போகிறது.

இது ஏன் மாறாமல் இருக்கிறது என்பதற்கு இந்த வருடம்தான் எனக்கு விடை கிடைத்தது. எங்கள் துறை இருக்கும் கட்டடத்துக்கு ஆர்தர் லூயிஸ் என்பவரின் பெயர். கரீபியன் கடலில் செயின்ட் லூசியா என்ற சின்னத் தீவில் 1915-இல் பிறந்தவர். எஞ்சினியர் ஆக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. கறுப்பின எஞ்சினியருக்கு அன்று யாரும் வேலை தர மாட்டார்கள் என்பதால் லண்டனுக்குப் போய் வணிகவியல் படித்தார். 33 வயதில் இங்கே பேராசிரியர் ஆனார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினப் பேராசிரியர் அவர். 1979-இல் நோபல் பரிசும் வாங்கினார். என்னை எஞ்சினியரிங் சேர்க்க முடியவில்லையே என்ற குறை உங்களுக்கு இன்னும் இருக்கிறது என்று தெரியும், அதனால் இதையும் எழுதினேன்.

1954-இல் அவர் எழுதிய கட்டுரைதான் எங்களுக்குப் பாடம். விவசாயத்திலும் சிறு தொழில்களிலும் வேலைக்கு மிஞ்சிய ஆட்கள் நிறைய இருக்கும் நாட்டில், புதுத் தொழில் எவ்வளவு வளர்ந்தாலும் கூலி ஏறாது, வயிற்றுப்பாட்டுக்குச் சற்று மேலேயே நிற்கும் என்கிறார். அந்த மிச்ச ஆட்கள் தீர்ந்த பிறகுதான் கூலி ஏறத் தொடங்கும். மானாவாரி நிலத்தில் சோளமும் பருத்தியும் போட்டுக்கொண்டிருந்த உங்கள் அப்பா, நம் அப்பாரு, நாலு தறி வாங்கிப் போட்ட கதையை நீங்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தேன். வகுப்பில் இதற்கான வரைபடத்தைப் போட்டபோது எனக்கு அப்பாருதான் தெரிந்தார்.

அதே கட்டுரையில் கரும்பைப் பற்றி ஓர் இடம் வருகிறது. 75 வருடத்தில் ஏக்கருக்கு விளைச்சல் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகியும், கரும்புத் தொழிலாளி செருப்பில்லாமல் குடிசையில்தான் இருக்கிறான் என்று எழுதுகிறார். விளைச்சல் கூடிய பலன் பெரும்பாலும் சர்க்கரை வாங்குகிறவர்களுக்குப் போய்விட்டது. படித்துவிட்டு அன்று வேறு எதையும் எடுக்கவில்லை. வீட்டு ஆள் உழைப்பு சும்மா கிடைக்கிறவரை, நாம் எவ்வளவு வேகமாக நெய்தாலும் பலன் துணி வாங்குகிறவருக்குத்தானே? லூயிஸ் இதை நாடு முழுவதற்கும் சொன்னார். நம் வீட்டுக்குள்ளேயே அப்படி ஒரு மிச்ச ஆள் இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அம்மா மிச்ச ஆள் இல்லை அப்பா.

இன்னொன்று. கூலியை ஏற்றினால் வேலையே போய்விடும் என்று உற்பத்தியாளர்கள் சொல்வார்களே, அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. உழைப்பை வாங்குகிறவர் நாலைந்து பேரும் விற்கிறவர் ஆயிரம் பேருமாக இருக்கும் சந்தையில் கூலி இருக்க வேண்டிய அளவுக்குக் கீழேயே இருக்கும். அங்கே ஒன்றாக நின்று கூலியை ஓரளவு ஏற்றினால் வேலை குறையாமலே இருக்கலாம், கூடவும் கூடலாம். கேம்பிரிட்ஜில் இருந்த ஜோன் ராபின்சன் என்ற அம்மையார் 1933-லேயே இதை விளக்கிவிட்டார். கூலி ஒப்பந்தம் கேட்டுத் தறியை நிறுத்திய நாட்களில் நீங்கள் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். வரம்பும் உண்டு: வேறு ஊரில் குறைந்த கூலிக்கு நெய்ய ஆள் இருந்தால் பாவு அங்கே போய்விடும். அதனால்தான் ஒப்பந்தம் எல்லா ஊருக்கும் சேர்த்துப் போடப்பட வேண்டும்.

இந்த ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோம், இங்கேயோ பழைய பஞ்சாலைகளில் பல அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன. பருத்தி வியாபாரம் நடந்த ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் இப்போது நாடக அரங்கு இருக்கிறது. 1968-இல் கடைசி நாள் வியாபாரத்தின் விலைகள் சுவர் உச்சியில் பெரிய பலகையில் அப்படியே நிற்கின்றன. நீங்கள் வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

வரியில்லாத வியாபாரம் வேண்டும் என்று உலகத்துக்கே போதித்த ஊர் இது. ஆனால் இந்தியாவுக்குள் வருகிற துணிக்கு அரசாங்கம் வரி போட்டபோது மான்செஸ்டரைச் சுற்றியிருந்த லங்காஷயர் ஆலைக்காரர்கள் விடவில்லை. அவர்கள் நெருக்கியதில் 1896-இல் நம் நாட்டு மில் துணிக்கும் அதே மூன்றரை சதவீத வரியைப் போட்டார்கள். அது போக ஏறக்குறைய 30 வருடம் ஆயிற்று. இதை நான் வகுப்பில் சொன்னபோது பலருக்குப் புதுச் செய்தி. ஒரு கொள்கையைப் படிக்கும்போது அதனால் யாருக்குக் காசு போகிறது என்றும் கூடவே பார்க்க வேண்டும் என்று எனக்குப் பட்டது அன்றுதான்.

முடித்துவிட்டு என்ன வேலை என்று கேட்டீர்கள். வங்கி, அரசாங்கம், ஆராய்ச்சி எதற்கும் போகலாம். படிப்பை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. அடுத்த வருடம் சொந்தமாக ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். விசைத்தறிக் கூலிக் கணக்கைத்தான் எடுக்கப் போகிறேன். அதற்கு எனக்கு இரண்டு உதவி வேண்டும். பீரோ மேலே இருக்கும் பழைய கூலி நோட்டுகளைப் பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது கடைக்குப் போட்டுவிடாதீர்கள், பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பத் தம்பியிடம் சொல்லுங்கள். அப்புறம், அம்மா தார் மெஷின் முன்னால் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று ஒரு மாதத்துக்கு நீங்களே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன் அதைச் சங்கத்திலும் காட்டுங்கள்.

அப்பத்தாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தம்பிக்கு என் அன்பு. அம்மாவை ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புப் பாப்பா