பக்கத்தின் படம் வேண்டாம், எழுத்தாகக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலையில் கருவியை மாட்டிக்கொண்டு கணினி காட்டும் காட்சிக்குள்ளேயே இருப்பதுபோல் உணரும் மெய்நிகர் உலகம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இனி யாரும் கதை படிக்கப்போவதில்லை, கதைக்குள்ளேயே போய் நடமாடப்போகிறார்கள் என்கிற தொனியில் அது முடிந்திருந்தது. அச்சகத்திலும் பதிப்பகத்திலும் மெய்ப்புப் பார்த்தே வயதானவள் நான். ஐயம் தோன்றினால் ஓரத்தில் ஒரு கோடு இழுக்காமல் கை அடங்காது.

இந்தக் கனவு ஒன்றும் நேற்றுப் பிறந்ததல்ல. இரண்டு கண்ணுக்கும் சற்றே வேறான இரண்டு படங்களைக் காட்டினால் ஆழம் தெரியும் என்று ஆங்கில அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் 1838லேயே செய்து காட்டிவிட்டார். 1968இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லாண்ட் தலையில் மாட்டும் கருவியைக் கணினியோடு இணைத்தபோது, கனம் தாங்காது என்பதால் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 1995இல் நின்டெண்டோ நிறுவனம் கொண்டுவந்த 'வர்ச்சுவல் பாய்' என்ற விளையாட்டுக் கருவி எல்லாவற்றையும் சிவப்பாகவே காட்டிவிட்டு, ஓராண்டுக்குள் கடையைக் கட்டியது. அதற்குப் பிறகும் புத்தகம் இருந்தது, இருக்கிறது.

என் அக்கா மகன் வாங்கியிருக்கும் கருவியை நானும் மாட்டிப் பார்த்தேன். எனக்கு வேண்டியிருந்தது புத்தகம். ஏதோ விளையாட்டைக் காட்ட வந்த பிள்ளை, "சித்தி, இதுக்குள்ள வந்துமா புத்தகம்?" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

முதலில் வியப்பு. வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமலே எனக்குப் படிக்க முடிந்தது. திரை கண்ணுக்கு மிக அருகில் இருந்தாலும், நடுவிலுள்ள வில்லை அந்தப் படத்தை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி இருப்பதுபோல் ஆக்கிவிடுகிறதாம். கிட்டத்தில் குவிய மறுக்கும் என் வயதுக் கண்ணுக்கு அது தோதாக இருந்தது.

அடுத்தது எரிச்சல். கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பார்த்தால் அதன் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை (டிகிரி). நல்ல கண் அந்த ஒரு பாகைக்குள் சுமார் 60 புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கும். வீடுகளுக்கு வந்திருக்கும் கருவிகள் பலவும் 20, 25 புள்ளிகளோடு நின்றுவிடுகின்றன. மலையைக் காட்ட அது போதும். மெய்யெழுத்தின் தலைமேல் இருக்கும் புள்ளியைக் காட்டப் போதாது. 'பல்' எது, 'பல' எது என்று வரிக்கு வரி தடுமாறினேன். துணைக்காலும் ரகரமும் ஒட்டிப் பிறந்தவைபோல் நின்றன. சரி என்று பக்கத்தை மூக்கருகே இழுத்தால், கண் இரண்டும் உள்நோக்கித் திரும்புகின்றன, குவியமோ தூரத்திலேயே நிற்கிறது. இந்த இழுபறியில் நெற்றி வலிப்பதுதான் மிச்சம். எழுத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பக்கத்தைத் தள்ளி நிறுத்திய பிறகுதான் படிக்க முடிந்தது.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் அதை விடாமல் பயன்படுத்துகிறவர் ஒருவர் உண்டு. அக்கா. முதுகெலும்பு நோயால் படுத்த படுக்கையாகிவிட்டார். கையில் புத்தகம் நிற்காது. யாராவது பிடித்துக்கொண்டு பக்கம் திருப்ப வேண்டும். நானே பிடித்தால்கூட, எனக்குப் பிடிக்காத புத்தகமென்றால் கொஞ்சம் வேகமாகத் திருப்புவேன் என்று அவருக்குத் தெரியும். இப்போது பக்கம் அவர் முகத்துக்கு நேர் மேலே, கூரையில் ஒட்டிவைத்ததுபோல் நிற்கிறது. விரலால் பொத்தானை அழுத்தினால் அடுத்த பக்கம். மல்லாந்து படுத்திருப்பதால் அந்த அரைக் கிலோ எடை முழுவதும் கன்னத்தில் இறங்குகிறது, தோலில் தடம் விழுகிறது. அடிக்கடி கழற்றி ஓய்வு கொடுக்கிறோம். ஆனாலும் "போதும், எடு" என்று அவர் சொல்வது அத்தியாயம் முடிந்த பிறகுதான். வாசிப்பில் இந்தக் கருவியால் வந்த மாற்றம் என்று நான் கண்ணால் கண்டது இதைத்தான். கட்டுரையாளர் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.

கதைக்குள் போய் நிற்பதைப் பழிக்கவில்லை. அது வேறு கலை, அவ்வளவுதான். சுற்றிலும் படமெடுத்த ஒரு காட்சியில் நான் ஜன்னலையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, முதுகுக்குப் பின்னால் யாரோ அழுது முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஏன் அழுதார் என்று இன்னும் தெரியாது. அங்கே காட்சி ஓடுகிறது, நாம் பின்னால் ஓட வேண்டும். படிப்பதில் அப்படி இல்லை. தேர்ந்த வாசகரின் கண்கூட நூற்றுக்குப் பத்துப் பதினைந்து தாவல்களைப் பின்னோக்கித்தான் எடுக்கிறது என்று கண்ணசைவை அளந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். (மெய்ப்புப் பார்ப்பவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, எங்களுக்குப் பாதிப் பிழைப்பே பின்னால்தான்.) 2015இல் நியூயார்க் டைம்ஸ் தன் சந்தாதாரர்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அட்டையால் செய்த பார்வைக் கருவியை அனுப்பி, போரால் வீடிழந்த குழந்தைகள் மூவரைப் பற்றிய மெய்நிகர்ப் படத்தைக் காட்டியது. அப்போதும் அதே குழந்தைகளைப் பற்றி எழுத்திலும் வெளியிட்டார்கள். அந்தக் குழந்தையின் பக்கத்தில் நம்மை நிறுத்தப் படத்தால் முடியும். போர் எப்படி வந்தது, யாரிடமிருந்து ஓடினார்கள் என்பதற்கு வாக்கியம் வேண்டியிருக்கிறது.

அன்றாட வாழ்க்கையில் இதன் பயன்கள் ஏற்கெனவே தெரிந்தவைதான்: விமானிப் பயிற்சி, உயரத்துக்கு அஞ்சுபவர்களுக்கான சிகிச்சை, தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது பனி உலகைக் காட்டி வலியிலிருந்து கவனத்தைத் திருப்புவது. இவற்றில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை ஒரே இடத்தில். புதிய கருவிகள் சில, கண் எங்கே பார்க்கிறது என்பதையே கவனிக்கின்றன. பார்க்கும் இடத்தை மட்டும் துல்லியமாகவும் மற்றதை மங்கலாகவும் வரைந்தால் கணினியின் வேலை குறையும் என்பதற்காகவும், கண்ணாலேயே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காகவும் இந்த வசதி. நல்ல காரணங்கள்தான். ஆனால் எந்த வரியில் நின்றேன், எதைத் தாவினேன், எந்தப் பத்திக்குத் திரும்பத் திரும்பப் போனேன் என்பதும் அதற்குத் தெரிந்துவிடுமே. பார்வைத் தடத்தைச் செயலிகளுக்குத் தருவதில்லை என்று ஆப்பிள் நிறுவனம் சொல்கிறது. எல்லா நிறுவனங்களும் அப்படியே சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது? இத்தகைய கருவிகளைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது தங்கள் நிருபர்கள் இந்தக் கேள்வியையும் கேட்கட்டும்.

கடைசியாக, வேறெவருக்கும் எழுத முடியாத ஒரு வேண்டுகோள். தங்கள் மின்னிதழ் அச்சுப் பக்கத்தின் படமாக வருகிறது. கருவிக்குள் அதைத் திறந்தால் தலைப்பு மட்டும் தெரிகிறது. பெரிதாக்கினால் வரியின் பாதி விளிம்புக்கு வெளியே போய்விடுகிறது. அதே செய்திகளை, அளவை மாற்றினால் வரியும் தானே மடங்கிக்கொள்ளும்படி எழுத்தாகவும் கொடுங்கள். திரையைக் குரலில் கேட்டுப் படிக்கும் பார்வையற்ற வாசகர்களுக்கும் அது உதவும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாதென்றால் தலையங்கப் பக்கத்தில் தொடங்குங்கள். காலையில் அக்கா முதலில் கேட்பது அதைத்தான்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர், தங்கள் நெடுநாள் வாசகி