பாய்க்கயிறும் கவலை வடமும்

காவேரிப்பட்டணம்,
ஞாயிறு காலை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்தது. கவரைப் பிரித்ததும் உன் பாய்மரப் படகுக் கயிற்றில் ஒரு சாண் துண்டு மடியில் விழ, வீட்டில் ஒரே சிரிப்பு. ஊரே தேங்காய் நாரில் கயிறு திரிக்குது, உங்க சிநேகிதர் பாண்டிச்சேரியிலிருந்து கயிறு அனுப்புறாரே என்று.

அந்தத் துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். மூழ்கியது. அப்படியென்றால் கடைகளில் பச்சையும் நீலமுமாகத் தொங்குகிற, தண்ணீரில் மிதக்கிற அந்த பாலிப்ரொப்பிலீன் ரகம் இல்லை. மூன்று புரி, வழவழப்பு, ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு திரும்புகிறது. நைலானேதான். இதைப் போய் யார் பாயை மேலே ஏற்றுகிற ஆஞ்சான் கயிற்றுக்குப் போட்டது? பாயை எவ்வளவு இறுக்கி ஏற்றினாலும் காற்று கூடியதும் பாய்மரத்தை ஒட்டிய ஓரத்தில் சுருக்கம் விழுகிறது என்று எழுதியிருந்தாயே, பாய் தைத்தவரைத் திட்டாதே. கயிறு நீள்கிறது, பாய் தொங்குகிறது, அவ்வளவுதான். நேவியில் சேர்ந்த புதிதில் நானும் இதே தப்பைச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவன். நனைந்தால் நைலானுக்குப் பலமும் பத்துப் பதினைந்து சதவீதம் குறையும். ஆனால் தூக்கி எறியாதே, நங்கூரத்துக்கு வைத்துக்கொள். அலை வெடுக்கென்று இழுக்கும்போது நீண்டு கொடுக்கிற குணம் அங்கேதான் வேண்டும்.

24 அடிப் படகுக்கு ஆஞ்சான் 8 மில்லிமீட்டர் பாலியஸ்டர் போதும். உள்ளே ஒரு பின்னல், மேலே உறையாக இன்னொரு பின்னல், அந்த ரகம். கடைக்காரர் டைனீமா என்கிற செயற்கை இழைக் கயிற்றைச் சொல்லி ஆசை காட்டுவார். நீளவே நீளாது, எஃகுக் கம்பிக்கு ஈடான பலம், உண்மைதான். ஆனால் வழுக்கும், சாதாரண முடிச்சு நிற்காது. முனையைக் கயிற்றுக்குள்ளேயே செருகி வளையமாகக் கண் போட வேண்டும், அதுவும் விட்டத்தைப்போல் 72 மடங்கு நீளத்துக்கு. 8 மில்லிமீட்டர் கயிற்றுக்கு அரை மீட்டருக்கு மேல் வரும். 150 டிகிரி சூட்டுக்குள் உருகியும் விடும். பந்தயத்துக்குப் போகிறவர்களுக்குச் சரி. ஞாயிற்றுக்கிழமை படகோட்டி உனக்கெதற்கு?

பாயைக் காற்றுக்கேற்ப இழுத்து விடுகிற தாமான் கயிற்றை மட்டும் 10 மில்லிமீட்டரில் வாங்கு. பலத்துக்காக இல்லை, கைக்காக. மெல்லிய கயிறு நனைந்த உள்ளங்கையை அறுத்துவிடும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமாக இருக்கட்டும், அவசரத்தில் தடுமாற வேண்டாம்.

எங்கள் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கக் கவலை ஓட்டியது உனக்கு நினைவிருக்கும். தண்ணீர் மொள்ளுகிற சால் மேலே வந்து தண்ணீர் கொட்டும் நேரத்தில் வடத்தின் ஒரே இடம்தான் எப்போதும் உருளைமேல் உட்காரும், அங்கேதான் நைந்துபோகும். அப்பா வடத்தைக் கொஞ்சம் நீளமாகவே வைத்துக்கொள்வார். சில மாதத்துக்கு ஒருமுறை சால் பக்கம் ஒரு முழம் வெட்டிவிட்டு மறுபடி கட்டுவார். உருளைக்குப் புது இடம் கிடைத்துவிடும். ஆஞ்சானும் அப்படியே. பாய் முழுக்க ஏறி நிற்கும்போது மர உச்சிக் கப்பியில் ஒரு இடம், கீழே கயிறு நழுவாமல் பிடிக்கிற கிளட்ச் கடிக்கிற இடத்தில் இன்னொன்று, இந்த இரண்டும்தான் தேயும். ஒரு மீட்டர் கூடுதலாக வாங்கி, வருஷத்துக்கு ஒருமுறை முனையை ஒரு சாண் வெட்டு. கையால் நீவிப் பார்க்கும்போது ஓரிடம் தட்டையாகவோ விறைப்பாகவோ பட்டால், உறை பளபளவென்று இருந்தாலும் உள்ளே அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

உப்புத் தண்ணீர் காய்ந்தால் உப்புக்கல் நூலிழைகளுக்குள் உட்கார்ந்து அறுக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி, கொஞ்சம் சோப்பில் அலசி, நிழலில் காயப்போடு. ப்ளீச்சிங் பக்கமே போகாதே.

ஐப்பசியில் புயல் பயத்தில் படகைக் கரையேற்றும்போது கயிறுகளைக் கழற்றிவிடு, வெயிலில் கெடுவதும் மிச்சம். ஆனால் சும்மா உருவிவிடாதே! ஆஞ்சான் முனையோடு ஒரு சணல் நூலை நுனிக்கு நுனி சேர்த்துக் கோணி ஊசியால் நாலு தையல் போட்டு, அப்புறம் இழு. நூல் பாய்மரத்துக்குள் நிற்கும், தை மாதம் அதைப் பிடித்துக் கயிற்றைத் திரும்ப ஏற்றலாம். முடிச்சுப் போட்டால் கப்பியில் மாட்டிக்கொள்ளும், நீதான் மரத்தில் ஏற வேண்டும். உன் தொப்பைக்கு அது நடக்காது.

இங்கே பெங்களூரா மாங்காய் இறங்க ஆரம்பித்துவிட்டது, கூழ் பேக்டரி லாரிகள் ராத்திரி பகலாக ஓடுகின்றன. காவேரியே இல்லாத காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணை முழங்கால் அளவுதான். அது கடலூர்ப் பக்கம் கடலில் சேரும் இடம் வரை ஒருநாள் பாய் விரித்துப் போகலாம் என்றாயே, அந்தப் பேச்சு இன்னும் இருக்கிறதா? பாய்மரம் எத்தனை அடி என்று அளந்து எழுது. கயிறு எவ்வளவு வேண்டுமென்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்