அக்காவுக்கு: பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்

அக்கா,

நேற்று போனில் "உன் மெயில் திறக்க மாட்டேங்குதுடா, ஏதோ கோளாறு" என்றாய். கோளாறு ஒன்றும் இல்லை. பாஸ்வேர்டை நான்தான் மாற்றினேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் "புதுசு என்ன? அவசரத்துக்கு எழுதி வச்சுக்கறேன்" என்பாய், நானும் சொல்லிவிடுவேன். நம் இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். அதுவும் நாலு பேர் படிக்கிற இடத்தில், பின்வாங்க வழியில்லாதபடி.

பாஸ்வேர்டு கட்டத்தில் எந்த எழுத்தை அடித்தாலும், கண் தெரியாத எனக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ நிரல் "ஸ்டார்" என்று மட்டும்தான் சொல்லும், உனக்குத் தெரியுமா? மற்ற இடங்களில் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் உரக்கச் சொல்கிற அதே நிரல், அங்கே மட்டும் வாயைக் கட்டிக்கொள்கிறது. பழைய பாஸ்வேர்டை நான் கூடத்தில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகச் சொல்ல, நீ திருப்பிச் சொல்லிச் சொல்லி அடிப்பாய். மாமாவுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும். ஸ்டார், ஸ்டார், ஸ்டார் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"இலவசமா குடுக்கறவன் சும்மாவா குடுப்பான், வைரஸ் ஏதாவது இருக்கப்போகுது" என்று அன்றைக்கு அந்த நிரலை நிறுவவே நீ தயங்கினாய். 2006-இல் அதைத் தொடங்கிய மைக்கேல் கரன் ஆஸ்திரேலியாக்காரர். அவருக்கும் பார்வை கிடையாது. பிறகு கூடச் சேர்ந்த ஜேம்ஸ் டேவுக்கும் கிடையாது. ஜாஸ் போன்ற திரை படிக்கும் நிரல்களைக் காசு கொடுத்து வாங்க முடியாதவர்களும் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். சும்மாதான் கொடுக்கிறார்கள் அக்கா. எல்லா உதவிக்கும் பின்னால் ஒரு பிடி இருந்தே தீரும் என்று இல்லை. (இதை உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குத்தத்தான்.)

நீ சொல்லிக்கொடுக்க முயலவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முயன்றாய். "மேல வலது பக்கம் நீலமா ஒரு பட்டன் இருக்கு பாரு" என்றாய். எனக்கு மேலும் இல்லை, வலமும் இல்லை, நீலமும் இல்லை. எனக்குப் பக்கம் என்பது ஒரே வரிசை, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை. அந்தப் பட்டனின் பெயரைச் சொல்லியிருந்தால் போதும், பட்டன் பட்டனாகத் தாவ வைக்கும் பி கீயைத் தட்டிக்கொண்டே போய்ப் பிடித்திருப்பேன். பொறுமை போனதும் நீ மவுஸைப் பிடுங்கி ஒரு கிளிக் செய்வாய். நான் படித்துக்கொண்டிருந்த இடம் போய்விடும். எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் மறுபடி உச்சியிலிருந்து தொடங்க வேண்டும். "முடிஞ்சுதுல்ல, அப்புறம் என்ன?" என்பாய். முடிந்தது உனக்கு.

அதனால்தான் ராத்திரியில் கற்றுக்கொண்டேன். மவுஸைக் கழற்றி டிராயரில் போட்டேன், ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். இன்சர்ட்டோடு 1-ஐ அழுத்திவிட்டால் எந்தக் கீயைத் தட்டினாலும் அதன் பெயரை மட்டும் சொல்லும், எதுவும் கெட்டுப்போகாது. எஃப், ஜே இரண்டிலும் இருக்கும் சின்ன மேட்டை விரலால் தேடி, அங்கிருந்து அக்கம்பக்கம் போய் வந்து கீபோர்டு முழுவதும் பழகினேன். இணையப் பக்கத்தில் ஹெச் அடித்தால் தலைப்பு தலைப்பாகத் தாவலாம், கே என்றால் இணைப்பு, ஈ என்றால் எழுதும் கட்டம். ரொம்ப நாள் படுத்தியது ஒன்றுதான்: அதே ஹெச், கட்டத்துக்குள் இருந்தால் எழுத்து, வெளியே இருந்தால் தாவல். நிலை மாறும்போது ஒரு சின்ன ஒலி வரும். அந்த ஒலியைக் காது தனியாகப் பிரித்துக் கேட்கப் பழகும்வரை, எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பக்கம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தேன். குரலும் அப்படித்தான். முதலில் தகரத்தில் கூழாங்கல்லை உருட்டினது போல இருந்தது. இப்போது நான் வைத்திருக்கிற வேகத்தில் கேட்டால் உனக்கு ஒரு சொல்கூடப் புரியாது.

திரையையும் கறுப்பாக்கி வைத்துவிடுவேன், அதற்கும் ஒரு குறுக்குவிசை உண்டு. அம்மா ஒருநாள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள், "இருட்டுல செத்துப்போன பெட்டி முன்னாடி உக்காந்து என்னடா பண்ற?" என்றாள். பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அந்த ராத்திரிகளில் ஒன்றில்தான் பழைய மெயில்களைத் திறந்தேன். பயிற்சிக்காகத்தான். எனக்கு ஏற்கெனவே மனப்பாடமான மெயில் என்றால் குரல் பிடிபடாத இடத்தையும் ஊகித்துக்கொள்ளலாம் அல்லவா? எந்த மெயில் என்று உனக்குத் தெரியும். நீ எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டியது. கீழ் அம்புக்குறியைத் தட்டித் தட்டி வரி வரியாகப் போனேன். எனக்குத் தெரிந்த வரி, தெரிந்த வரி, அப்புறம் தெரியாத ஒரு வரி. வேறு மெயிலைத் திறந்துவிட்டேனோ என்று மேலே போய் அனுப்பியவர் பெயரையும் தேதியையும் மறுபடி கேட்டேன். அதே மெயில்தான். திரும்ப இறங்கி, கன்ட்ரோலோடு வலது அம்புக்குறியைத் தட்டி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். ஒரு முழுப் பத்தி. அந்தக் குரல் எங்கேயும் தயங்கவில்லை.

நீ தயங்கினாய். இப்போது ஞாபகம் வருகிறது. படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாய், நாற்காலி நகர்ந்தது, "கரண்ட் போயிடுமோ, லைட் மின்னுது" என்றாய், அப்புறம் "இப்படிக்கு" என்று முடித்தாய். இரண்டாவது முறை படிக்கச் சொன்னபோது தயங்கக்கூட இல்லை. எங்கே தாண்ட வேண்டும் என்று அதற்குள் தெரிந்திருந்தது.

அந்தப் பத்தியில் என்ன இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன். எழுதியவரும் இதைப் படிக்கக் கூடும், அவருக்கு வேறு வாழ்க்கை இருக்கிறது.

எனக்காகத்தான் செய்தாய். அப்போது நான் இருந்த நிலையில் அதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அதைத் தெரிந்துகொள்கிற வாய்ப்பு என்னுடையது அக்கா. பாதிக் கடிதத்துக்கு நான் முழுப் பதில் எழுதியிருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல அதை அடித்தவளும் நீதான். எப்படி முடிந்தது உன்னால்?

கோபத்தில் அனுப்பிய மெயில்களையும் திறந்து, நான் சொன்னதை நீ மாற்றியிருக்கிறாயா என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒரு சொல் மாறவில்லை. நான் தப்பாகச் சொன்ன ஒரு முகவரியைச் சரிசெய்து அனுப்பியிருக்கிறாய், அதை என்னிடம் சொன்னதுகூட இல்லை. தொண்டை கட்டியபோதும் என் பாடப்புத்தகங்களை நீ படித்தாய். கன்ட்ரோலை அழுத்தினால் இந்தக் குரல் நின்றுவிடும். உன்னிடம் "போதும், நிறுத்து" என்று சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. நன்றிக்கடன் வாயை அடைத்துவிடுகிறது.

சொல்லாமல் மாற்றியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மாற்றியதற்கு இல்லை.

நீ இனி தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளாதே. பெயர் வைக்காமல் விட்ட பட்டன்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன, வெறும் "பட்டன்" என்று சொல்லிவிட்டு நிரல் நின்றுவிடும். பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் கோப்புகளைத் திறந்தால் பைத்தியம் பிடித்தது போல ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். அப்போது கூப்பிடுவேன். வா. மவுஸைத் தொடாதே.

குடும்பக் குழுவில் படத்துக்குள் எழுத்து வைத்து அனுப்புகிறாயே, அதில் எனக்குக் கேட்பது "படம்" என்பது மட்டும்தான். கீழே இரண்டு வரி அடித்து அனுப்பு. இந்தக் கடிதத்தில் ந, ன எங்காவது மாறியிருக்கும், அந்தக் குரலில் எனக்கு வித்தியாசம் பிடிபடுவதில்லை. திருத்தி அனுப்பாதே, அப்படியே இருக்கட்டும். அந்த மெயிலைப் பற்றி நேரில் பேசலாம், அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து நீயே சொல்.

தம்பி